மறைந்த கட்டளைகளை மீட்டல்

மக்கள் தம் அறிவின் திறத்தால் ஆக்கிக்கொண்ட கருவிகள் பலவற்றுள்ளும் எழுதுதற்கு உதவுவன தனிச் சிறப்புடையன. ஏரும் மண்வெட்டியும் வயிற்றுக்கு உணவளிக்கும். எழுதுகருவியோ ஒரு தலைமுறையின் எண்ணத்தை மற்றொரு தலைமுறைக்குக் கொண்டு செல்லும். பனையோலையும் எழுத்தாணியும் நம் முன்னோர்க்கு வாய்த்தன. தாளும் பேனாவும் தட்டச்சுப் பொறியும் நம் பாட்டன்மார்க்கு வாய்த்தன. நமக்கோ கணினியும், அதனுள் இயங்கும் சொற்செயலி என்னும் மென்பொருளும் வாய்த்துள்ளன. இவற்றிடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. எழுத்தாணி இரவில் வைத்தவாறே காலையிலும் கிடக்கும். அதன் கூர் மழுங்கலாமேயன்றி, அது தன் உருவைத் தானே மாற்றிக்கொள்ளாது. சொற்செயலி அத்தகையதன்று. நேற்று நம் கண்முன் நின்ற கட்டளை இன்று காணப்படாமற் போதல் அதனிடத்து உண்டு. அங்ஙனம் மறைந்த கட்டளைகளை மீட்பது எவ்வாறு, மறைத்தற்கும் மீட்டற்கும் உரியவர் யாவர் என்பன பற்றி என் கருத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றேன்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்குக் கணினியைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் சிலர் இருக்கலாம். கட்டுரையும் ஆய்வுரையும் குறிப்புரையும் எழுதிக்கொண்டே மூன்றாண்டுகளைக் கழிப்பவன் தமிழ் மாணவன். தான் எழுதும் கோலைப் பற்றி அவன் எண்ணிப் பார்த்தல் அவனுக்கு உரிய செயலேயாம்.

இவ்வெண்ணம் என் உள்ளத்தில் எழுதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதலிற் கூறுவேன். என் அத்தை எங்கள் ஊரில் ஓர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டச்சராகப் பணியாற்றி வருகின்றார். தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் தட்டச்சுத் தேர்வில் ஹையர் தேறியவர். வேலை செய்யுங்கால் அவர் கண்கள் மூலத்தாளிலேயே நிற்கும். விரல்கள் தம் இடத்தைத் தாமே அறிந்து செல்லும். ஈராண்டுகளுக்கு முன் அவ்வலுவலகத்தார் பழைய கணினியை அகற்றிப் புதியதொன்றை வைத்தனர். அதனோடு சொற்செயலியும் புதிய பதிப்பாயிற்று. மறுநாள் தொடங்கி அத்தையின் வேலை தடைப்பட்டது. அடிக்குறிப்பிடும் கட்டளை இருந்த இடத்தில் இல்லை. வழக்கமான கடித வாசகங்களைச் சிறு பெயரிட்டுச் சேமித்து வைத்து, வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் கட்டளையும் இல்லை. அரைமணி நேரத்தில் முடியும் வேலை அரைநாள் கொண்டது. மேலதிகாரி கடிந்துகொண்டார், இளைய பணியாளர் சிலர் தம்முள் நகைத்தனர். ஒருநாள் மாலை அவர் என்னை நோக்கி, "தம்பி, எனக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது. நேற்று வரையில் தெரிந்தது இன்று தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார். அவருடைய ஊதியத்தைக் கொண்டே அவர் மக்கள் இருவரும் படித்து வருகின்றனர் என்பதை யான் அறிவேன். ஆதலின் அச்சொல் என்னை வருத்திற்று.

பின்னர் அவரருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் உண்மை புலனாயிற்று. அத்தை ஒன்றையும் மறந்தாரல்லர். அவர் கற்றிருந்த இடத்தினின்றும் கட்டளைகளே பெயர்ந்து போயிருந்தன. கருவி ஒளித்து வைத்ததனை மனிதர் மறந்துவிட்டார் என்று தீர்ப்புக் கூறுதல் நீதியாகுமோ? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மெனு என்பது யாது? உணவு விடுதியிற் கொடுக்கும் உணவுப் பட்டியலைக் குறித்த சொல்லே கணினிக்கும் வந்தது. உண்ண வந்தவன் அடுக்களைக்குட் புகுந்து பாராமலே அங்கு யாது கிடைக்கும் என்பதை அப்பட்டியல் அவனுக்கு அறிவிக்கின்றது. அங்ஙனமே, மென்பொருளின் உள்ளமைப்பை அறியாதவனுக்கும் அஃது யாது செய்யவல்லது என்பதை மெனு அறிவிக்கின்றது. கட்டளைகளை மனப்பாடம் செய்யும் சுமையை மக்களிடமிருந்து இறக்கி வைத்தமையே மெனுவின் பெருமை.

1978ஆம் ஆண்டில் மைக்ரோப்ரோ என்னும் அமெரிக்க நிறுவனம் வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியை வெளியிட்டது. கன்ட்ரோல் என்னும் விசையோடு எழுத்துக்களைச் சேர்த்தழுத்திக் கட்டளையிடுதல் அதன் முறை. இன்ன எழுத்து இன்ன செயலைச் செய்யும் என்ற பட்டியல் திரையின் மேற்பகுதியிலே காணப்படும். திரையோ சிறியது, பட்டியல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின், நன்கு பழகிய ஒருவர் தமக்கு வேண்டிய உதவியின் நிலையை மூன்றிலிருந்து படிப்படியாகச் சுழி வரையிற் குறைத்து, அப்பட்டியலை அகற்றி, எழுதுமிடத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். மறந்துவிடின் மீண்டும் நிலையை உயர்த்திப் பட்டியலை வரவழைக்கலாம். இதனை உற்று நோக்குக. அங்கே மறைத்தவரும் எழுதுபவரே, மீட்பவரும் அவரே. மறைவு என்பது கற்றவர் தாமே பெற்றுக்கொண்ட ஒரு வசதியாக இருந்தது.

பின்னாளில் இம்முறை மாறிற்று. அம்மாற்றத்தை அறிதற்கு, 1983ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்து, இன்று உலகெங்கும் வழங்கும் மைக்ரோஸாப்ட் வேர்ட் என்பதனையே சான்றாகக் கொள்வோம். அதன்கண் கட்டளைகள் மறைந்த வழிகளை மூவகைப்படுத்தலாம்: எழுதுபவர் கைப்பிழையால் மறைதல், மென்பொருள் தானே மறைத்தல், ஆக்கியோர் கருதி மறைத்தல் என்பன அவை.

கைப்பிழையால் மறைதலாவது: 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில், கன்ட்ரோல், ஆல்ட் என்னும் இரு விசைகளோடு சிறுகோட்டு விசையையும் சேர்த்தழுத்தினால், மவுஸின் அம்புக்குறி ஒரு தடித்த கோடாக மாறும். அக்கோட்டினால் மெனுவில் எதனைத் தொட்டாலும் அக்கட்டளை பட்டியலினின்றும் நீங்கிவிடும். விரைவாகத் தட்டச்சு செய்பவர் விரல் தவறி இதனைச் செய்துவிட்டு, யாது நேர்ந்தது என்று அறியாமல் திகைப்பர். இதற்கு மருந்தும் அங்கேயே இருந்தது. டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைத் திறந்து, டூல்பார்களின் பட்டியலில் மெனு பார் என்பதைத் தெரிந்தெடுத்து, ரீஸெட் என்பதை அழுத்தினால், நீங்கியவை யாவும் தொடக்கத்தில் இருந்தவாறே மீளும். டூல்ஸ் மெனுவே நீங்கிவிட்டதாயின் யாது செய்வது? டூல்பாரின்மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் அங்கும் கஸ்டமைஸ் என்னும் வாயில் உண்டு. வீட்டின் திறவுகோலை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டவனுக்குக் கொல்லைக் கதவு ஒன்று திறந்திருந்தாற் போன்றது இது.

ரீஸெட் பயன்படாவிடத்து மற்றொரு வழியும் உண்டு. எழுதுபவர் செய்துகொண்ட மாற்றங்களையெல்லாம் வேர்ட் ஒரு மாதிரிக் கோப்பில் எழுதி வைக்கின்றது. முன்னாளில் அதன் பெயர் நார்மல்.டாட், 2007 முதலாக நார்மல்.டாட்எம். வேர்டை மூடிவிட்டு அக்கோப்பின் பெயரை மாற்றி வைத்தால், மீண்டும் திறக்கும்போது வேர்ட் புதியதொன்றைத் தானே ஆக்கிக்கொள்ளும், கெட்டவை திருந்தும். ஆயின் ஓர் எச்சரிக்கை: அப்பழைய கோப்பிலேதான் எழுதுபவர் பல்லாண்டு சேமித்த வாசகங்களும் சுருக்குவழிகளும் கிடக்கும். ஆதலின் அதனை அழித்தல் ஆகாது. பெயர் மாற்றிக் காத்து வைத்தலே தக்கது.

இனி, மென்பொருள் தானே மறைத்தல். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆபீஸ் 2000 என்னும் தொகுதியில், மெனுவைத் திறந்தவுடன் அண்மையிற் பயன்படுத்திய கட்டளைகளும் அடிப்படையான சிலவுமே தோன்றின. ஏனையவை மடிந்து நின்றன. சிறிது நேரம் காத்திருந்தாலும், அடியிலுள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தினாலும் முழுப் பட்டியலும் விரியும். பயன்படுத்துவோரின் பழக்கத்தைக் கண்டறிந்து அதற்கேற்ப மெனு தன்னைச் சுருக்கிக்கொள்ளும் என்பது கருத்து. விளைவோ வேறாயிற்று. ஒரு கட்டளை இன்று மூன்றாவதாக நிற்கும், நாளை ஏழாவதாக நிற்கும், மறுநாள் காணப்படாது. ஒரு நூலகத்தில் நாள்தோறும் அடுக்குகளை மாற்றி வைத்து, 'நீர் நேற்று எடுத்த நூல்களை முன்னே வைத்துள்ளேம்' என்று கூறினால் எவ்வாறிருக்கும்? கஸ்டமைஸ் பகுதியில் ஒரு குறியை மாற்றி முழு மெனுவையும் எப்பொழுதும் காட்டுமாறு செய்தல் இயலும் என்பது உண்மையே. ஆயினும், அவ்வழியை அறிந்தவர்க்கே அது வழி.

மூன்றாவது, ஆக்கியோர் கருதி மறைத்தல். ஆபீஸ் 2007இல் பழைய மெனு வரிசை அறவே நீக்கப்பட்டு, ரிப்பன் என்னும் அகன்ற பட்டை அதனிடத்தைப் பெற்றது. ஃபைல் என்ற சொல்லும் போய், மூலையில் ஒரு வட்டப் பொத்தான் மட்டும் நின்றது. அச்சிடும் கட்டளையும் சேமிக்கும் கட்டளையும் அவ்வட்டத்துக்குள் இருந்தமையால், அஃது ஓர் அணிகலனாக இட்ட முத்திரையென்று கருதிப் பலர் அதனைத் தொடாமலே தேடி அலைந்தனர். சில கட்டளைகள் ரிப்பனில் இடம்பெறவேயில்லை. அப்பதிப்பில் ரிப்பனைத் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் எளிய வழியும் எழுதுபவர்க்கு அளிக்கப்படவில்லை. பழைய மெனுக்களை மீட்டுத் தருவதாகக் கூறிய துணை மென்பொருள்களைப் பிறர் ஆக்கி விலைக்கு விற்றனர் என்றால், மக்கள் எத்துணை இடர்ப்பட்டனர் என்பது விளங்கும்.

நடுநின்று நோக்குமிடத்து, ஆக்கியோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வேர்டின் கட்டளைகள் பதிப்புதோறும் பெருகி, 2003இல் 1,500க்கு மேற்பட்டன. மெனுவினுள் மெனுவும், அதனுள் மற்றொரு மெனுவுமாகக் கட்டளைகள் புதைந்து கிடந்தன. 'இன்ன வசதி வேண்டும்' என்று மக்கள் விண்ணப்பித்தவற்றுட் பல முன்னரே மென்பொருளில் இருந்தவையே. இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை. ஆதலின் பழைய வீட்டைப் பழுது பார்த்துப் பயனில்லை, இடித்துக் கட்டுதலே தக்கது என்று அவர்கள் துணிந்தனர். புதிதாகக் கற்பவர்க்கு ரிப்பன் எளிதாகவும் இருந்தது. யானும் ரிப்பனிற் பழகியவனே. அதனைப் பழித்தல் என் நோக்கமன்று.

ஆயினும், மறைத்தற்கு அவர்கள் கொண்ட அளவுகோலைப் பற்றிச் சிறிது வினவ வேண்டும். ஒரு கட்டளையைப் பலர் அடிக்கடி பயன்படுத்துகின்றனரா என்பதே அவ்வளவுகோல். புதிய அமைப்பை ஆக்கிய குழுவின் தலைவர்களுள் ஒருவராகிய ஜென்ஸன் ஹாரிஸ் என்பவர் 2006ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். வேர்ட் 2003இல் மக்கள் இட்ட கட்டளைகளுள் ஒட்டுதல், சேமித்தல், படியெடுத்தல், செய்ததை மீட்டல், தடித்த எழுத்தாக்கல் ஆகிய ஐந்து மட்டுமே நூற்றுக்கு 32 பங்காயின. ஒட்டுதல் ஒன்றே 11 பங்கு. வியக்கத்தக்க கணக்கே. ஆனால் இதனின்றும் நாம் கொள்ளவேண்டிய முடிபு யாது?

அடிக்கடி பயன்படுவதற்கே சிறந்த இடம் அளிக்கவேண்டும் என்பர் ஒருசாரார். யான் கருதுவது வேறு. ஒட்டுதற்குக் கன்ட்ரோலோடு வி என்னும் எழுத்தை அழுத்தவேண்டும் என்பதை அறியாதார் யார்? அது விரலிலேயே குடியேறிவிட்டது. அதற்கு மெனு வேண்டுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை வேண்டப்படும் கட்டளைக்கன்றோ மெனு வேண்டும்! அகராதியை நாம் எடுப்பது எதற்காக? 'வந்தான்', 'சோறு', 'வீடு' என்னும் சொற்களுக்குப் பொருள் காண்பதற்கா? அரிய சொல் எதிர்ப்பட்டபோதே அகராதியைத் திறக்கின்றோம். வழக்கில் அருகிய திரிசொற்களையெல்லாம் நீக்கி, நாள்தோறும் வழங்கும் இயற்சொற்களை மட்டும் கொண்டு ஒருவர் அகராதி செய்வாராயின், அதனினும் பயனற்ற நூல் பிறிதொன்று இராது. அரிதாகப் பயன்படுதல் பயனின்மைக்கு அறிகுறியன்று. சீவக சிந்தாமணியைப் பயில்வார் மிக அருகியிருந்த காலத்திலேதான் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் அதனைத் தேடி ஆராய்ந்து 1887ஆம் ஆண்டில் அச்சிற் பதிப்பித்தார்கள். பயில்வார் தொகையைக் கொண்டு அவர்கள் முடிவு செய்திருப்பின் நம் நிலை யாதாகும்?

இன்னொரு குறையும் உண்டு. பலருக்கு அரியது சிலருக்கு இன்றியமையாதது. கோடிக்கணக்கானோரை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடும்போது, நீதிமன்றத்து எழுத்தர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் மட்டும் உரிய கட்டளை நூற்றில் ஒரு பங்கும் பெறாது. அக்கட்டளை இன்றி அவர்கள் வேலை நடவாது என்பதைக் கணக்கு கூறாது. என் அத்தையும் அக்கணக்கில் ஒரு சிறு புள்ளியினும் சிறியவரே.

'கட்டளை காணப்படவில்லையாயின் தேடிக்கொள்ளலாமே; 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, வேண்டியதைத் தட்டச்சு செய்து தேடுதற்கு ஒரு கட்டமே வைத்துள்ளனரே' என்பர் சிலர். நல்ல வசதியே. ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிந்திருத்தல் வேண்டும். நம் மொழியில் நிகண்டு என்றும் அகராதி என்றும் இருவகை நூல்கள் உள்ளமை தமிழ் மாணவர் அறிந்ததே. திவாகரம் போன்ற நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பொருள் பற்றிச் சொற்களைத் தொகுத்து வைத்தன. சொல் தெரியாதவனும் பொருளைக் கருதிச் சென்று அங்கே சொல்லைக் கண்டுகொள்வான். அகராதியோ எழுத்துமுறையில் அமைந்தது; சொல்லை அறிந்தவனே அதனுட் புகுவான். மெனு நிகண்டை ஒத்தது. தேடற்கட்டம் அகராதியை ஒத்தது. 1732ஆம் ஆண்டில் சதுரகராதியைச் செய்த வீரமாமுனிவர், பெயரகராதி ஒன்றனோடு அமையாமல், பொருளகராதியும் தொகையகராதியும் தொடையகராதியும் உடன் வைத்தார். ஒரு வாயில் எல்லார்க்கும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். மெனுவைத் திறந்து ஒன்றைத் தேடுங்கால், அதனருகே நாம் கேளாத வேறு நான்கு கட்டளைகளும் கண்ணிற் படும். அங்ஙனமே பெரும்பாலோர் சொற்செயலியைக் கற்றனர். தேடற்கட்டமோ கேட்டதை மட்டும் தரும்; கேட்கத் தெரியாதவற்கு ஒன்றும் தாராது.

இஃதிவ்வாறாக, ஆக்கியோரே தம் செயலைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டனர் என்பதும் கருதத்தக்கது. ஆபீஸ் 2010இல் வட்டப் பொத்தான் போய், ஃபைல் என்னும் பழைய பெயர் திரும்பி வந்தது. ரிப்பனில் எழுதுபவர் தமக்குரிய பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழியும் அப்பதிப்பிலேயே திறக்கப்பட்டது. விசைகளைப் பொறுத்தவரையில் 2007இலேயே ஓர் அருமையான செயலைச் செய்திருந்தனர். பழைய மெனுவுக்குரிய ஆல்ட் விசைத் தொடர்கள் பலவற்றை அவர்கள் அழிக்கவில்லை. சான்றாக, எடிட் மெனுவில் பேஸ்ட் ஸ்பெஷல் என்பதற்கு ஆல்ட், இ, எஸ் என்று அழுத்திப் பழகிய விரல்கள், எடிட் மெனுவே இல்லாத புதிய பதிப்பிலும் அங்ஙனமே அழுத்தி அச்செயலைப் பெற்றன. தெருவை மாற்றியமைத்தோர் பழைய ஒற்றையடிப் பாதையை மட்டும் மூடாது விட்டனர். இவ்விரக்கத்தைக் கண்ணுக்குத் தெரியும் மெனுவினிடத்தும் காட்டியிருக்கலாகாதா என்பதே என் வினா. மைக்ரோஸாப்ட் நிறுவனத்தார் 2012இல் விண்டோஸ் 8இலிருந்து ஸ்டார்ட் மெனுவை நீக்கி, 2015இல் விண்டோஸ் 10இல் அதனை மீண்டும் வைக்க நேர்ந்ததும் இவ்வினாவுக்கு ஒரு விடை.

நிற்க. வாதத்தோடு அமையாது, செய்யத்தக்கதையும் கூறவேண்டுமன்றோ? வேர்டில் ஒரு கட்டளை காணப்படவில்லையாயின், முதலில் அது மறைக்கப்பட்டதா, அறவே நீக்கப்பட்டதா என்று தெளிக. நீக்கப்பட்டவற்றை மீட்டல் இயலாது. நீண்ட உரையைத் தானே சுருக்கித் தந்த ஆட்டோசம்மரைஸ் என்னும் கட்டளை 2010இல் அங்ஙனம் நீக்கப்பட்டது. ஆனால் காணாமற் போனவற்றுட் பெரும்பாலான மறைக்கப்பட்டவையே. ஃபைல் பகுதியில் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, குவிக் ஆக்ஸஸ் டூல்பார் என்பதைத் தெரிந்தெடுத்தால், கட்டளைகளின் பட்டியல் ஒன்று தோன்றும். அதன் மேலே 'ரிப்பனில் இல்லாத கட்டளைகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு ஒன்றும் உண்டு. தாம் மறைத்தவற்றைத் தாமே பட்டியலிட்டு வைத்துள்ளனர்! அவற்றுள் வேண்டியதை எடுத்து மேற்பட்டையில் வைத்துக்கொண்டால், அது எப்பொழுதும் கண்முன் நிற்கும். ஏதேனும் பிழைபடின் அங்கேயே ரீஸெட்டும் உண்டு.

2010ஆம் ஆண்டிலிருந்து வழங்கி வரும் லிப்ரெஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு இது பின்னும் எளிது. அங்கே பழைய மெனு வரிசையும் உண்டு. ரிப்பனை ஒத்த பட்டையும் உண்டு. வியூ மெனுவில் எழுதுபவரே தம் விருப்பப்படி தெரிந்துகொள்ளலாம். டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதன்வழி எக்கட்டளையையும் எம்மெனுவிலும் சேர்க்கலாம்; நீக்கலாம்; மீண்டும் பழைய நிலைக்குக் கொணரலாம். புதுமையைப் புகுத்தும்போது பழமையை விலக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

தமிழில் எழுதுவோர்க்கெனத் தனியே ஒன்று கூறவேண்டும். லிப்ரெஆபீஸில் எழுத்துருவை மாற்றும் பெட்டியைத் திறந்து, எழுத்தின் அளவையும் வகையையும் மாற்றியும் தமிழெழுத்து மட்டும் மாறாதிருத்தலைக் கண்டு மாணவர் பலர் சலிப்பர். காரணம் யாதெனின், தமிழ் முதலிய இந்திய மொழிகளின் எழுத்துக்களை அம்மென்பொருள் தனிவகையாகக் கொள்கின்றது. அவ்வகைக்குரிய அமைப்புப் பகுதி, ஆப்ஷன்ஸில் மொழிகளின் பகுதியில் கம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதன் கட்டத்தில் குறியிட்டாலொழியக் கண்ணுக்குத் தோன்றாது. குறியிட்டவுடன் மறைந்திருந்த பகுதி தோன்றும். தமிழுக்குரிய எழுத்துருவைத் தெரிந்துகொள்ளலாம். 'கணினியில் தமிழ் சரியாக வாராது' என்று கூறி ஆங்கிலத்திலேயே எழுதப் புகும் மாணவர்க்கு இவ்வொரு குறியை யாரேனும் காட்டியிருந்தால் எத்துணை நலமாயிருக்கும்!

மென்பொருள் ஆக்குவோர்க்கு யான் கூறுவது இதுவே: புதியதைச் செய்க, அதனை யாரும் தடுப்பாரல்லர். ஆயின், நீவிர் அடுக்கி வைத்த மெனுவை மக்கள் தம் நினைவிலும் விரலிலும் ஏற்றிக்கொண்டுவிட்டனர். அதனைக் கற்றற்கு அவர்கள் செலவிட்ட காலம் அவர்களுடைய பொருள். அப்பொருளை ஒரே இரவிற் செல்லாக் காசாக்க உமக்கு உரிமை இல்லை. மறைப்பதாயின் மறைத்த இடத்தைச் சொல்லுக. மீட்கும் வழியை மெனுவின் முகப்பிலேயே வைக்க. பழைய அமைப்பைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எழுதுபவரிடம் விடுக.

மாணவ நண்பர்காள்! நமக்கும் ஒரு கடமை உண்டு. நாம் புதிய பதிப்புகளில் எளிதிற் பழகிவிடுகின்றோம். அதனைக் கொண்டு, பழக இயலாத மூத்தோரை அறிவிலர் என்று கருதுதல் நம்மிடையே பெருகி வருகின்றது. அலுவலகத்திலும் நூலகத்திலும் நம் வீட்டிலும் கணினியின் முன் திகைத்து நிற்பவரைக் காணுங்கால், 'உமக்குத் தெரியவில்லை' என்னாமல், 'அதனை இடம் மாற்றி வைத்துவிட்டனர். தேடித் தருகின்றேன்' என்று கூறுவோமாக. இரண்டு சொற்களுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. முன்னது ஒருவரைத் தலைகுனிய வைக்கும். பின்னது உண்மையைக் கூறும்.

என் அத்தையின் செய்தியை முடித்துக் கூறுவேன். பழைய கணினியை அவ்வலுவலகத்தார் பழைய பொருள் கொள்வோர்க்கு விற்கும்பொருட்டு ஓர் அறையின் மூலையில் வைத்திருந்தனர். அதிகாரியின் இசைவு பெற்று அதனை இயக்கி, அதிலிருந்த மாதிரிக் கோப்பைப் படியெடுத்தோம். இருபது ஆண்டுகளாக அத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்த கடித வாசகங்கள் அனைத்தும் அதனுள் இருந்தன. இன்னும் ஒரு கிழமை தாழ்த்திருந்தால் அவை இரும்போடு இரும்பாகப் போயிருக்கும். அக்கோப்பைப் புதிய கணினியில் உரிய இடத்தில் வைத்தோம். பின்னர், "அத்தை, நாள்தோறும் உங்களுக்கு வேண்டிய கட்டளைகளைச் சொல்லுங்கள்" என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார், ஏழு. அவ்வேழையும் மேற்பட்டையில் வரிசையாக வைத்துக் கொடுத்தேன். இதற்கு ஒரு மணி நேரமும் ஆகவில்லை.

அத்தை இன்றும் அவ்வேலையிலேயே இருக்கின்றார். ஆண்டு முழுதும் அவர் பட்ட அவமானத்துக்கு மருந்தாயிருந்தது அவ்வொரு மணி நேரம் என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியினும் வருத்தமே மிகுகின்றது. மறைந்த கட்டளைகளை மீட்பதென்பது கணினியைப் பற்றிய சிறு செய்தியென்றே முன்னர் யானும் எண்ணியிருந்தேன். ஒருவர் கற்ற கல்வியை அவர்க்குத் திருப்பிக் கொடுத்தல் அது என்று இப்பொழுது அறிகின்றேன்.